வெறும் வண்டி ஏன் துள்ளுகிறது?

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் இருப்புப்பாதை கிடையாது. சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து கப்பலில் வந்திறங்கும் சரக்குகள், கரை சேர்ந்த பின்னர் மோட்டார் வண்டிகளையே நம்பியுள்ளன. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரிலிருந்து பாராடாங், ரங்கத், மாயாபந்தர் வழியாக வடக்கே திக்லிப்பூர் வரை செல்லும் அந்தமான் பெருவழிச் சாலையின் நீளம் ஏறத்தாழ 330 கிலோமீட்டர். குன்றுகளின்மேல் ஏறியும் இறங்கியும், ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழையைத் தாங்கியும் கிடக்கும் இச்சாலையில் பள்ளங்கள் தோன்றுவது வியப்பன்று.

இச்சாலையிலும் இதன் கிளைச் சாலைகளிலும் பெரும்பான்மையான வேலையைச் செய்வது, முன்னே ஓட்டுநர் அறையும் பின்னே திறந்த சரக்குத் தளமும் கொண்ட பிக்கப் வண்டியாகும். நாற்றுகளும் உரமும், பள்ளிப் புத்தகங்களும் ஆய்வுக்கூடக் கண்ணாடிக் கலங்களும், தடுப்பு மருந்துக் குப்பிகளும், முட்டை, தக்காளி, வாழைப்பழம் முதலியனவும் இதிலேயே செல்கின்றன. ஒரு டன் சுமை ஏற்றிச் செல்லும்பொழுது அடக்கமாக ஓடும் அதே வண்டி, இரண்டு பெட்டிகளை மட்டும் ஏற்றிச் செல்லும்பொழுது கல்லில் பட்ட பந்தைப்போலத் துள்ளுவதைக் கள ஊழியர் யாவரும் அறிவர். அப்பெட்டிகள் சேருமிடம் சேரும்பொழுது குப்பிகள் உடைந்தும் பழங்கள் கன்றியும் இருப்பதுண்டு.

ஆகவே, வெறும் வண்டியின் தளத்தில் சிறிது பாரம் வைத்து ஓட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டாகியிருக்கிறது. இவ்வழக்கத்திற்கு விஞ்ஞான அடிப்படை உண்டா? உண்டெனின் எவ்வளவு பாரம், எந்த இடத்தில், எவ்வகையில் வைத்தல் வேண்டும்? வேண்டாத தீங்கு எதுவும் அதனால் விளையுமா? இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

வில்லின் இயல்பு

நம் நாட்டில் மோட்டார் வருவதற்கு முன்பே வில்வண்டி இருந்தது. பாரவண்டியின் அச்சின்மேல் கூடு நேரே அமர்ந்திருந்தது. வில்வண்டியிலோ அச்சுக்கும் கூட்டுக்கும் இடையில் எஃகுத் தகடுகளை அடுக்கி அமைத்த வில் இருந்தது. அவ்வில்லே பயணத்தை இனிதாக்கியது. இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் குதிரை வண்டிகளுக்குரிய நீள்வட்ட வில்லுக்கு 1804ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இன்றைய பிக்கப் வண்டியின் பின் அச்சில் அமைந்திருப்பதும் பெரும்பாலும் அவ்வினத்தைச் சேர்ந்த தகட்டு வில்லே. பணிமனைகளில் இதனைப் ‘பட்டை’ என்று வழங்குவர்.

வில்லின் மீது எவ்வளவு எடை ஏற்றுகிறோமோ அந்த அளவுக்கு அது அமுங்கும். எடை இரு மடங்கானால் அமுக்கமும் இரு மடங்காகும். இராபர்ட் ஹூக் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட இவ்விதியைப் பள்ளி மாணவரும் கற்கின்றனர். பிக்கப் வண்டியின் பின் வில்லை வடிவமைப்பவர், முழுச் சுமையையும் அது தாங்க வேண்டும் என்பதை மனத்தில் கொண்டே அதன் விறைப்பை நிர்ணயிக்கிறார். முழுச் சுமைக்கு ஏற்ற வில், வெறும் வண்டிக்கு மிகவும் விறைப்பானதாக அமைந்துவிடுகிறது. இதுவே துள்ளலுக்கு முதற் காரணம்.

இரண்டாவது காரணமும் ஒன்றுண்டு. தகட்டு வில்லின் தகடுகள் ஒன்றன்மேலொன்று உராய்ந்தே வளைகின்றன. சிறு மேடுபள்ளங்கள் தரும் விசை இவ்வுராய்வை வெல்லப் போதாதபொழுது, வில் வளையாமல் ஒரு கட்டைபோல நின்று, அதிர்ச்சியை அப்படியே தளத்திற்குச் செலுத்திவிடுகிறது. தீவுகளின் உப்புக்காற்றில் தகடுகளின் இடையே துரு ஏறினால் இவ்வுராய்வு மேலும் மிகும்.

ஓர் எளிய கணக்கு

வில்லின் மீது அமைந்த வண்டி, தட்டிவிட்டால் மேலும் கீழும் ஆடும். ஒரு வினாடியில் எத்தனை முறை ஆடுகிறது என்பதே அதன் அதிர்வெண். இதனைக் கண்டறிய எளிய வழியொன்று உண்டு. சுமையின் எடையால் வில் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறதோ, அவ்வெண்ணின் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால், வினாடிக்குரிய ஆட்டங்களின் எண்ணிக்கை ஏறத்தாழக் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, பின் வில்கள் இரண்டும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டர் அமுங்குவதற்கு 100 கிலோகிராம் எடை வேண்டும் என்று கொள்வோம். வெறும் வண்டியில் பின் வில்கள் தாங்கும் எடை 400 கிலோகிராம் எனில், அமுக்கம் 4 சென்டிமீட்டர். 4இன் வர்க்கமூலம் 2. எனவே வண்டியின் பின்புறம் வினாடிக்கு இரண்டரை முறை ஆடும். தளத்தில் 500 கிலோகிராம் ஏற்றினால் அமுக்கம் 9 சென்டிமீட்டர் ஆகும். ஆட்டம் வினாடிக்கு 1.7 ஆகக் குறையும். பயணிகள் காரில் இவ்வெண் பெரும்பாலும் 1 முதல் 1.5 வரை இருக்கும். நின்றவாறு மேலும் கீழும் அதிரும்பொழுது, வினாடிக்கு 4 முதல் 8 வரையுள்ள அதிர்வுகளையே மனித உடல் மிகுதியாக உணர்கிறது. ஆகவே ஆட்டம் மெதுவாகுந்தோறும் பயணம் இனிதாகிறது.

சிறு பாரம் எவ்வளவு பயன் தரும்? மேற்கூறிய வண்டியில் முதல் 100 கிலோகிராம் ஏற்றும்பொழுது, ஆட்டம் 2.5இலிருந்து ஏறத்தாழ 2.24க்கு இறங்குகிறது. இரண்டாவது 100 கிலோகிராம் அதனை 2.04க்கும், மூன்றாவது 1.89க்கும் இறக்குகின்றன. ஒவ்வொரு நூறும் அதற்கு முந்திய நூற்றைவிடக் குறைந்த பயனையே தருகிறது என்பது இதனால் விளங்கும். பாரத்தைப் பெருக்கிக்கொண்டே போவதில் பொருளில்லை.

பெட்டி எப்பொழுது எழும்புகிறது?

பயணியைவிடச் சரக்குக்கே துள்ளலால் தீங்கு மிகுதி. தளத்தோடு சேர்ந்து அசையும் பெட்டிக்குக் கேடு குறைவு. தளத்தைவிட்டு எழும்பி மீண்டும் விழும் பெட்டிக்கே கேடு மிகுதி. பெட்டி எப்பொழுது எழும்பும் என்பதற்கும் ஒரு விதி உண்டு. ஆட்டத்தின் வீச்சு, வில்லின் தொடக்க அமுக்கத்தை மிஞ்சும்பொழுது, தளம் கீழிறங்கும் வேகம் கூடும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தையும் மிஞ்சிவிடுகிறது. அப்பொழுது கட்டப்படாத பெட்டி தளத்தைப் பின்தொடர இயலாமல் அந்தரத்தில் நின்று, பின்னர் ‘டமார்’ என்று விழுகிறது.

நம் எடுத்துக்காட்டில், வெறும் வண்டியின் அமுக்கம் 4 சென்டிமீட்டர். தளம் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் ஆடினால் பெட்டி எழும்பிவிடும். 150 கிலோகிராம் பாரம் வைத்தால் இவ்வெல்லை ஐந்தரை சென்டிமீட்டராக உயர்கிறது. பாரத்தினால் கிடைக்கும் உண்மையான இலாபம் இதுவே. பெட்டியைத் தளத்தோடு இறுகக் கட்டினாலும், அடியில் வைக்கோலோ தடித்த நுரைமெத்தையோ இட்டாலும் இதே தீங்கு பெருமளவு நீங்கும். அதற்கு ஒரு கிலோகிராம் பாரமும் வேண்டியதில்லை என்பதையும் நினைவிற்கொள்க.

பாரத்திற்கு முன் பார்க்க வேண்டியவை

துள்ளும் வண்டிக்கு முதல் மருந்து பாரமன்று. டயரும் ஒரு வில்லே; அதில் காற்று மிகுந்தால் அதுவும் விறைப்பாகிவிடும். பெரும்பாலான வண்டிகளில், ஓட்டுநர் கதவருகிலுள்ள தகட்டிலோ கைந்நூலிலோ, வெறும் வண்டிக்கு ஓர் அழுத்தமும் முழுச் சுமைக்கு வேறோர் அழுத்தமும் பின் டயர்களுக்குக் குறிக்கப்பட்டிருக்கும். முழுச் சுமைக்குரிய காற்றுடன் வெறும் வண்டியை ஓட்டுவது பொதுவாகக் காணப்படும் தவறாகும். டயர் குளிர்ந்திருக்கும்பொழுது அளந்து, குறித்த அழுத்தத்தில் வைக்க வேண்டும். அதற்கும் கீழே குறைத்தலாகாது. குறைந்தால் டயரின் பக்கச்சுவர் வளைந்து வளைந்து சூடேறிக் கெடும். மீண்டும் சுமை ஏற்றுமுன் காற்றை நிரப்ப மறத்தலும் ஆகாது.

அடுத்து, ஷாக் அப்சார்பர் எனப்படும் அதிர்வுதாங்கியைக் கவனிக்க வேண்டும். தொடங்கிய ஆட்டத்தை அடக்குவது இதன் வேலை. இதன் உடலில் எண்ணெய் கசிந்திருந்தாலும், மேட்டில் ஏறி இறங்கிய பின்னர் வண்டி இரண்டு மூன்று முறை தொடர்ந்து ஆடினாலும், இது பழுதடைந்தது என்று கொள்ளலாம். பழுதடைந்த அதிர்வுதாங்கியுள்ள வண்டியில் பாரம் ஏற்றினால் ஆட்டம் மெதுவாகும். ஆனால் நெடுநேரம் அடங்காது. வளைவான மலைப்பாதையில் அது அபாயகரமானது. வில்லின் தகடுகளில் முறிவு, துரு, தளர்ந்த பிணைப்பு முதலியனவும் உண்டாவென்று பார்த்தல் நன்று. இவை யாவும் சரியாக இருந்தும் துள்ளல் நீங்காவிடின், அப்பொழுது பாரத்தைப்பற்றி எண்ணலாம்.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டி ஓட்டுபவர், ஏறியவர்களைப் பார்த்து, “பின்பாரமாக இருக்கிறது, முன்னே தள்ளி உட்காருங்கள்” என்று கூறுவது வழக்கம். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலெழும். பிக்கப் வண்டியிலும் இதே நெம்புகோல் தத்துவம் செயற்படுகிறது. மேலெழுவது நுகத்தடிக்குப் பதிலாக முன்சக்கரம் என்பதே வேறுபாடு. வண்டியைத் திருப்புவதும், பிரேக் போடும்பொழுது பெரும்பகுதி வேலையைச் செய்வதும் முன்சக்கரங்களே. ஆகையால் அவற்றின் பிடி குறைவது நல்லதன்று.

முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 3 மீட்டர் தூரம் உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். 100 கிலோகிராம் பாரத்தைப் பின்னச்சுக்கு நேர்மேலே வைத்தால் முழுவதும் பின்னச்சில் இறங்கும். பின்னச்சுக்கு 75 சென்டிமீட்டர் பின்னால், கதவோரமாக வைத்தால், பின்னச்சில் 125 கிலோகிராம் கூடும். முன்னச்சில் 25 கிலோகிராம் குறையும். அதே பாரத்தை 75 சென்டிமீட்டர் முன்னால் வைத்தால், பின்னச்சில் 75, முன்னச்சில் 25 கிலோகிராம் எனப் பகிர்ந்துகொள்ளும். எனவே பாரம் பின்னச்சுக்கு நேர்மேலோ அதற்குச் சற்று முன்னரோ அமைதல் வேண்டும். பின்கதவை ஒட்டி ஒருபோதும் வைத்தலாகாது. இடவலமாகவும் சமமாகப் பரப்பி வைக்க வேண்டும்.

பாரம் தளத்தில் படிந்து தாழ்வாக இருத்தல் மற்றொரு விதி. உயரமாக அடுக்கினால், வளைவில் வண்டி சாயும் போக்கு மிகும். கப்பலின் அடித்தட்டில் நீரோ பிற கனமோ வைப்பதும் இது போன்றதே என்று சிலர் எண்ணக்கூடும். ஒற்றுமை ஓரளவே உண்டு. கப்பலில் அடிப்பாரம் வைப்பது கவிழாமல் நிமிர்ந்து நிற்பதற்காக. அளவுக்கு மிஞ்சி அடியில் பாரம் வைத்த கப்பல், சாய்ந்தவுடன் வெடுக்கென்று நிமிரும். பயணிகளுக்கு அது மிகுந்த தொல்லை தரும். வண்டியில் பாரம் ஆட்டத்தை மெதுவாக்குகிறது. கப்பலின் அடித்தட்டில் வைத்த பாரமோ ஆட்டத்தை விரைவாக்குகிறது. மாணவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்குவது பயனுடையதாகும்.

எவ்வளவு பாரம் என்பதற்கு, ஒரு டன் முதல் ஒன்றரை டன் வரை சுமக்கும் வண்டிக்கு 100 முதல் 150 கிலோகிராம் வரை போதுமானது. இது இரண்டு அல்லது மூன்று சிமெண்டு மூட்டைகளின் எடையாகும். இப்பாரமும், சரக்கும், ஆட்களும் சேர்ந்து வண்டியின் பதிவுச் சான்றிதழிற் குறித்த மொத்த எடையை மிஞ்சலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மிகைச்சுமையைத் தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப்பின் அதற்குரிய அபராதம் 20,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது.

எதனைப் பாரமாக வைப்பது?

எளிதிற் கிடைப்பது மணல்மூட்டை என்று பலர் கருதுவர். தீவுகளில் இக்கருத்தை ஆராயாமல் ஏற்றலாகாது. முதலாவதாக, தீவுகளின் கடற்கரை மணல் பொதுச்சொத்து. அலைகளின் தாக்குதலிலிருந்து கரையைக் காப்பதும், திக்லிப்பூருக்கு அருகிலுள்ள காளிப்பூர் போன்ற கரைகளில் கடலாமைகள் முட்டையிட இடந்தருவதும் அம்மணலே. மணலெடுப்பினால் கரைகள் அரிக்கப்படுவதைக் கருத்திற்கொண்டு, அதனைப் படிப்படியாகக் குறைக்குமாறு 2002ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. மூன்று மூட்டைதானே என்று எண்ணி அள்ளிவருதல் அரசு ஊழியருக்கு அழகன்று. இரண்டாவதாக, கடல்மணலில் உப்பு உண்டு. மழைநீர் அதனைக் கரைத்துத் தளத்தின் இடுக்குகளில் செலுத்தித் துருப்பிடிக்கச் செய்யும். மூன்றாவதாக, மழையில் நனைந்த மணல், காய்ந்த மணலைவிட ஐந்திலொரு பங்குக்கு மேலும் கனமாகிவிடக்கூடும். காலையில் 150 கிலோகிராமாக இருந்த பாரம் மாலையில் அவ்வாறே இருக்கும் என்று கொள்வதற்கில்லை.

தோட்டத்து மண்ணை மூட்டையாகக் கட்டி எடுத்துச் செல்வதிலும் கேடு உண்டு. ஆப்பிரிக்கப் பெருநத்தை இத்தீவுகளுக்குள் வந்தது, சப்பானியர் ஆட்சி நடைபெற்ற இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் என்பர். இன்று அது தோட்டப்பயிர்களுக்குப் பெரும் பகையாக உள்ளது. நத்தை மண்ணிலேயே முட்டையிடுகிறது. ஒரு தீவின் மண்ணை மற்றொரு தீவிற் கொட்டினால், நத்தை முட்டைகளும், களைவிதைகளும், பயிர்நோய்க் கிருமிகளும் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றன. வேளாண்மைத் துறையினர் இதனை மிகவும் கருத்திற்கொள்ளல் வேண்டும். சிமெண்டு மூட்டை மழையில் இறுகிப் பாழாகும். கருங்கல்லும் இரும்புத்துண்டும் உருண்டும் வழுக்கியும் செல்லும். தேங்காயும் அவ்வாறே, உரிக்காத தேங்காய்க் குவியல் வளைவுதோறும் பக்கம் மாறும்.

தீவுகளுக்குப் பெரிதும் ஏற்ற பாரம் நீரேயாகும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம். இருபது லிட்டர் கேன்கள் ஆறு கொண்டால் 120 கிலோகிராம் பாரம் ஆயத்தம். நிறுக்கத் தராசும் வேண்டியதில்லை. தேவை நீங்கியதும் நீரைக் கொட்டிவிட்டு, வெறும் கேன்களை அடுக்கி வைத்துக்கொள்ளலாம். திரும்பும் வழியில் சுமை கிடைத்தால் பாரத்தை அங்கேயே இறக்கிவிடலாம். கோடைக்காலத்தில் தனிக்காரி அணையின் நீர்மட்டம் தாழ்ந்து, தலைநகரில் நீருக்குத் தட்டுப்பாடு நேர்வதுண்டு. அக்காலத்தில் முகாமுக்கும் பள்ளிக்கும் கொண்டுசெல்லும் நன்னீரே பாரமாகவும் பயன்படும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கேன்கள் கழுத்துவரை நிறைந்திருக்க வேண்டும். பாதி நிரம்பிய கலத்தில் நீர் முன்னும் பின்னும் அலைமோதும். பிரேக் போட்டபின்னரும் அது முன்னே பாயும். வளைவில் வெளிப்புறமாக ஒதுங்கும். இருநூறு லிட்டர் பீப்பாயில் பாதி நீரை நிரப்புவதைவிட, சிறு கேன்கள் ஐந்தை முழுவதும் நிரப்புவது எவ்வளவோ மேல். மூடிகள் இறுக மூடப்பட்டிருத்தல் வேண்டும்; திறந்த நீர் கொசுக்களுக்கு விளைநிலமாகும். சரக்குத் தளத்தின் வடிகால் துளைகளையும் அடைப்பின்றி வைத்திருக்க வேண்டும். இரண்டரை மீட்டர் நீளமும் 1.7 மீட்டர் அகலமும் கொண்ட தளத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரம் மழைநீர் நின்றால், அதன் எடை 42 கிலோகிராமுக்கு மேல். அது நாம் வேண்டாத பாரம். அலைமோதும் பாரமும் ஆகும்.

கட்டாத பாரம் கொல்லும் பாரம்

இதுவரை கூறியன யாவற்றினும் இன்றியமையாதது இனிக் கூறப்போவது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியிலுள்ள 100 கிலோகிராம் பாரத்தின் இயக்க ஆற்றல், அதே பாரம் 6 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து விழும்பொழுது பெறும் ஆற்றலுக்குச் சமம். வண்டி எதிலேனும் மோதித் திடீரென நின்றால், கட்டப்படாத பாரம் நிற்பதில்லை. ஓட்டுநர் அறையின் பின்சுவரை நோக்கி அதே வேகத்தில் பாய்கிறது. அங்கு அமர்ந்திருப்போரின் முதுகுக்கும் பாரத்திற்கும் இடையே இருப்பது மெல்லிய தகடும் ஒரு கண்ணாடியுமே.

மோதல்கூட வேண்டியதில்லை. நனைந்த இரும்புத் தளத்தில், ஓரளவு கடுமையாகப் பிரேக் போட்டாலே மூட்டையோ கேனோ வழுக்கிவிடும். பாரத்தின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையை முன்புறமும், பாதி விசையைப் பக்கங்களிலும் பின்புறமும் தாங்குமாறு கட்டவேண்டும் என்பது ஐரோப்பிய நாடுகளில் பின்பற்றப்படும் நெறி. இதன்படி 120 கிலோகிராம் பாரத்திற்கு, முன்புறம் ஏறத்தாழ 100 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவிசையைக் கட்டு தாங்க வேண்டும். பழைய சணற்கயிறு இதற்குப் போதாது. உறுதியான நாடாக்கயிற்றைத் தளத்தின் வளையங்களில் மாட்டி இறுக்கவேண்டும். பாரம் நகராதபடி முன்னும் பின்னும் மரச்சட்டம் வைத்துத் தடுத்தல் இன்னும் நன்று. அடியில் இரப்பர்ப் பாய் விரித்தால் வழுக்கல் குறையும். பத்துக் கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை நிறுத்திக் கட்டினை இறுக்கிப் பார்க்கவேண்டும். புதுக்கட்டு தளர்வது இயல்பு.

பெருவழிச் சாலையில் செல்வோர் இதனை முன்கூட்டியே செய்துகொள்வது அவசியம். ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் வரை சாலை ஜாரவா மக்களின் காப்புநிலத்தின் வழியே செல்கிறது. அங்கு வண்டிகள் குறித்த நேரங்களில், காவலுடன், வரிசையாகவே செல்லவேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுதலும், இடையில் நிறுத்துதலும் தடுக்கப்பட்டுள்ளன. நழுவிய பாரத்தை இறங்கிச் சரிசெய்ய அங்கு இடமில்லை. வண்டியிலிருந்து விழும் மூட்டையும் பிளாஸ்டிக் கேனும் அம்மக்களின் காட்டில்தான் விழும். ஆகவே ஜிர்காடாங்கில் வரிசைக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கட்டுகளைச் சோதிப்பதில் செலவிடுவது தக்கது. நீர்வழிகளை வண்டித்தோணியில் கடக்கும்பொழுதும், சாய்தளத்தில் ஏறி இறங்குமுன் கட்டுகளைப் பார்த்து, தோணியில் நின்றதும் கைப்பிரேக் போட்டுச் சக்கரத்திற்குக் கட்டை கொடுத்தல் வேண்டும்.

ஆட்களைப் பாரமாக்கலாகாது

பின்தளம் துள்ளுகிறது என்று நாலு பேரை ஏற்றிக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. நால்வரின் எடை இருநூற்றைம்பது கிலோகிராம் ஆகலாம். துள்ளல் குறைவதும் உண்மையே. ஆனால் கட்டப்படாத பாரத்தைப்பற்றி மேலே கூறியவை அனைத்தும் இவர்களுக்கும் பொருந்தும். இவர்களுக்கு இருக்கையில்லை, பட்டையில்லை, பற்றிக்கொள்ளக் கம்பியுமில்லை. சரக்கு வண்டியின் தளத்தில் ஆட்களை ஏற்றிச் செல்வது விதிகளுக்கும் முரணானது. பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்கு மாணவரை இவ்வண்ணம் அழைத்துச் செல்லும் எண்ணம் எழுமாயின், ஆசிரியர்கள் அதனை உறுதியுடன் மறுத்தல் வேண்டும்.

பாரத்தின் வரவும் செலவும்

பாரத்தினால் வேறொரு நன்மையும் உண்டு. பெரும்பாலான பிக்கப் வண்டிகளை உந்துவது பின்சக்கரங்கள். வெறும் வண்டியில் அவற்றின்மேல் எடை குறைவு; ஆதலால் மழையில் நனைந்த செம்மண் ஏற்றத்தில் அவை சுழன்று நின்றுவிடுகின்றன. ஈரமண்ணின் உராய்வு, எடையில் பத்தில் மூன்று பங்கு என்று கொள்வோம். பின்னச்சின்மேல் வைத்த 100 கிலோகிராம் பாரம், 30 கிலோகிராம் எடையளவு இழுவிசையைக் கூட்டுகிறது. பத்துக்கு ஒன்று என்னும் ஏற்றத்தில் அப்பாரத்தை மேலேற்ற வேண்டிய விசை 10 கிலோகிராம் எடையளவு. மீதி 20 நமக்கு இலாபம். ஏற்றம் செங்குத்தாகுந்தோறும் இவ்விலாபம் குறையும்.

செலவுப் பக்கத்தையும் மறத்தலாகாது. ஏற்றத்தில் ஏற்றிய பாரத்திற்கு எரிபொருள் கொடுத்தாக வேண்டும். இறக்கத்தில் அதே பாரத்தின் ஆற்றலைப் பிரேக்குகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். நீண்ட இறக்கத்தில் சூடேறிய பிரேக்கின் பிடி தளரும். ஏறுவதற்குரிய கீழ்க்கியரிலேயே இறங்கவும் வேண்டும் என்னும் பழைய விதி, பாரமேற்றிய வண்டிக்கு இருமடங்கு பொருந்தும். ஆகவே பாரத்தை வண்டியில் நிரந்தரமாக விட்டுவைப்பது சிக்கனமன்று. கொண்டுசெல்ல வேண்டிய பொருள்களையே முறையாக அடுக்கி, கனமானவற்றைப் பின்னச்சுக்குச் சற்று முன்னரும், மெல்லியவற்றை அவற்றின்மேலும் வைத்தால், தனிப்பாரம் தேவைப்படாமலே போகலாம். இரண்டு சிறு பயணங்களை ஒன்றாக இணைத்து முழுச் சுமையுடன் செல்வது இன்னும் சிறந்தது. இவை யாவற்றினும் செலவில்லாத மருந்து, வேகத்தைக் குறைத்தல். பள்ளத்தை மெதுவாகக் கடக்கும் வண்டியில் ஆட்டத்தின் வீச்சே சுருங்கிவிடுகிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

இக்கட்டுரையின் கணக்கை வகுப்பறையில் எளிதிற் சோதிக்கலாம். சுருள்கள் ஒன்றையொன்று தொடாத மெல்லிய சுருள்வில் ஒன்றை ஆணியில் தொங்கவிடுக. அதன் வெறும் நீளத்தை அளந்து குறித்துக்கொள்க. கீழ்முனையில் ஒரு சிறு டப்பாவை மாட்டி, அதில் கூழாங்கற்களை இட்டு, வில் சரியாக 9 சென்டிமீட்டர் நீளுமாறு செய்க. டப்பாவைச் சிறிது கீழே இழுத்து விட்டு, 20 ஆட்டங்களுக்கு ஆகும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்க. ஏறத்தாழ 12 வினாடி ஆகும். கூழாங்கற்களைக் கூட்டி நீட்சியை 16 சென்டிமீட்டராக்கினால் 16 வினாடியும், 25 சென்டிமீட்டராக்கினால் 20 வினாடியும் ஆகும். வில்லின் எடை சுமையைவிட மிகக் குறைவாக இருந்தால் விடைகள் நன்கு பொருந்தும்.

பின்னர் டப்பாவில் ஒரே ஒரு தனிக்கல்லை மேலே வைத்து, இழுக்கும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. இழுத்த தூரம் வில்லின் நீட்சியை மிஞ்சும்பொழுது, கல் டப்பாவைவிட்டு எழும்பும் ஓசை கேட்கும். துள்ளும் வண்டியின் பெட்டியும் இவ்வாறே எழும்புகிறது என்று மாணவருக்குக் காட்டலாம். இரண்டு புட்டிகளை எடுத்து, ஒன்றை முழுவதும், மற்றொன்றைப் பாதியும் நீரால் நிரப்பி, ஒரு பலகைமேற் கிடத்தி முன்னும் பின்னும் அசைத்தால், அலைமோதும் பாரத்தின் இயல்பும் விளங்கும்.

கள ஊழியர் பயணம் தொடங்குமுன் பார்க்க வேண்டியவை ஐந்து: டயரின் காற்று சுமைக்கு ஏற்றதா, அதிர்வுதாங்கியும் வில்லும் பழுதற்றவையா, பாரம் பின்னச்சை ஒட்டித் தாழ்வாக உள்ளதா, மொத்த எடை வரம்பிற்குள் அடங்குகிறதா, கட்டு உறுதியானதா. இவ்வைந்தையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். மாயாபந்தர் மருத்துவ மனையில் காத்திருக்கும் குழந்தைக்குரிய மருந்து உடையாமல் போய்ச் சேர்வதற்கு அப்பத்து நிமிடம் உதவுமாயின், அது வீணானதாகாது.